பிரசவத்தின் பின் உடல் தேறுவதற்கு எவ்வளவு காலம் வேண்டும்?

வெள்ளவத்தையில் வசிக்கும் தாய் ஒருவர் கேட்டிருப்பவற்றைச் சுருக்கினால் இவ்வளவுதான். முதற் குழந்தை சுகப்பிரசவமாகப் பிறந்து நாலரை மாதமாகிறது. தையல் ஆறிவிட்டது, ஆனால் வயிறு இன்னும் ஆறு மாதக் கர்ப்பிணிக்குப் போல முன்தள்ளி நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற அம்மா 31ஆம் நாள் துடக்குக் கழித்துவிட்டுத் திரும்பிய பின் வயிறு கட்டுவதை நிறுத்தியதே காரணம் என்று மாமி சொல்கிறார். சிசேரியன் செய்த மச்சாளுக்கு மூன்று மாதத்திலேயே வயிறு உள்வாங்கிவிட்டது. வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்குவதால், ஜிம்மில் சேர்ந்து வயிற்றைக் குறைக்கலாமா என்பதே அவருடைய கேள்வி. இவ்வளவும் எழுதிவிட்டு, இருமும்போதும் மாடிப்படி இறங்கும்போதும் சிறுநீர் சற்றுக் கசிகிறது, அது எல்லாத் தாய்மாருக்கும் உள்ளதுதானே என்று கடைசி வரியில் போகிற போக்கில் சேர்த்திருக்கிறார். வயிறு எப்போது இறங்கும் என்று கேட்டாலும், தன் உடலில் நடப்பது இயல்பா அல்லது பழுதா, பழுதானால் யாரிடம் காட்டுவது என்பதையே அவர் அறிய விரும்புகிறார் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அந்தக் கேள்விக்கான விடை வயிற்றைவிடக் கடைசி வரியோடுதான் அதிகம் தொடர்புடையது.

நான் கொழும்பில் பல ஆண்டுகளாகப் பெண்களுக்கான இயன்மருத்துவத்தில் (பிசியோதெரபி) பணியாற்றுபவள். மகப்பேற்று வைத்திய நிபுணர் அல்ல. உங்களைப் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்து இதை வாசியுங்கள். தசை, மூட்டு, தழும்பு, நடை ஆகியவை பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். மருந்து பற்றியும் சத்திரசிகிச்சை பற்றியும் முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் வைத்தியர்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்தவுடன் ஏறத்தாழ ஒரு கிலோ நிறையோடு தொப்புள் மட்டத்தில் நிற்கும் கருப்பை, நாளுக்கு ஒரு விரலளவு இறங்கி, இரண்டு வாரத்துக்குள் இடுப்பெலும்புக்குள் மறைந்து, ஆறு வாரமளவில் பழைய பருமனை நெருங்கிவிடும். குருதிக் கழிவும் சிவப்பிலிருந்து பழுப்பாகி, பின் வெளிறி, பெரும்பாலானோருக்கு அதே நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் நின்றுவிடும். நம்முடைய 31, முஸ்லிம் குடும்பங்களின் நாற்பது, வைத்தியசாலைகளின் ஆறு வாரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பது இதனால்தான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் இவையெல்லாம் கருப்பையின் கணக்கு. ஒன்பது மாதம் இழுபட்ட வயிற்றுச் சுவருக்கும், பிள்ளை வெளிவந்த வழியைச் சுற்றியுள்ள தசைகளுக்கும் வேறு கணக்கு உண்டு; அது மாதங்களில் எண்ணப்பட வேண்டியது. நாற்பது முடிந்ததும் பெண் தேறிவிட்டாள் என்று குடும்பம் முடிவு செய்து, தண்ணீர் வாளியையும் சமையலறையையும் அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதிலிருந்தே நான் காணும் தொல்லைகளில் பெரும்பகுதி தொடங்குகிறது.

இப்போது வயிற்றுக்கு வருகிறேன். நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் தசைகளை நடுவில் ஒரு நாரிழை இணைக்கிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் அந்த இழை ஏறத்தாழ எல்லாப் பெண்களுக்கும் அகன்று மெலிகிறது. பின்னர் அது எவ்வளவு நெருங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். 2016இல் வெளியான நோர்வே ஆய்வு ஒன்று, முதற் பிள்ளைக்குக் கர்ப்பமாக இருந்த 300 பெண்களைத் தொடர்ந்து பரிசோதித்தது. பிரசவமாகி ஆறு வாரத்தில் நூற்றுக்கு 60 பேருக்கும், ஆறு மாதத்தில் 45 பேருக்கும், ஒரு வருடத்தில் 33 பேருக்கும் அந்த இடைவெளி இருந்தது. ஆகவே நாலரை மாதத்தில் உங்கள் வயிறு முன்தள்ளி நிற்பது எந்த வகையிலும் விதிவிலக்கல்ல. வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால், முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, தலையை மட்டும் மெதுவாக உயர்த்தி, தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே போனால் இடைவெளி இருக்கிறது எனலாம். அகலத்தைவிட, விரலுக்கடியில் ஒரு இறுக்கம் தட்டுப்படுகிறதா என்பதையே நான் கவனிப்பேன். அகலமாக இருந்தும் இறுக்கமுள்ள வயிறு நன்றாகவே வேலை செய்யும்.

வயிறு கட்டாததுதான் காரணமா என்றால், இல்லை. கருப்பை சுருங்குவது குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் ஹோர்மோனால். துணியின் இறுக்கத்தால் அல்ல. வயிற்றுக்குள் காற்றுப் புகுந்துவிடும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது. கட்டினால் அந்த நடு இடைவெளி மூடும் என்பதற்கும் நம்பத்தக்க சான்று இல்லை. ஆனால் முதல் சில வாரங்களில், முக்கியமாகச் சிசேரியனுக்குப் பின், மிதமான கட்டு எழுந்து நடப்பதை இலகுவாக்கி நோவைக் குறைக்கிறது என்று சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வேறு சில பயன் எதையும் காணவில்லை. ஆறுதலாக இருந்தால் கட்டலாம் என்பதே என் நிலைப்பாடு. மூச்சுமுட்ட இறுக்கிக் கட்டுவதுதான் கூடாது, ஏனென்றால் வயிற்றை நெரிக்கும் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும், கீழே ஏற்கெனவே தளர்ந்திருக்கும் தசைகள் அதைத் தாங்க வேண்டியிருக்கும். உங்கள் மச்சாளின் வயிறு உள்வாங்கியதற்குக் கட்டைவிட அவருடைய உடல்வாகு, வயது, நாரிழையின் தன்மை, கர்ப்பத்தில் கூடிய நிறை ஆகியவையே காரணமாக இருக்கும். இந்த விடயத்தில் இரண்டு பெண்களை ஒப்பிடுவதால் பயன் ஒன்றும் இல்லை.

இனி அந்தக் கடைசி வரி. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்பக்க வாலெலும்பு வரை ஏணையைப் போல் தொங்கி, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கும் தசைகளை இடுப்புத்தளத் தசைகள் என்போம். பிள்ளையின் தலை வெளிவரும்போது இவற்றின் உட்புறப் பகுதி தன் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இழுபட வேண்டியிருக்கிறது என்று கணினி மாதிரி ஆய்வு ஒன்று கணித்தது. உடலின் வேறெந்தத் தசையிலும் அந்த அளவு இழுவை நடந்தால் ஆறு மாதம் ஓய்வும் பயிற்சியும் தரும்படி எல்லோரும் சொல்வார்கள். இதற்கு மட்டும் எவரும் எதுவும் சொல்வதில்லை. பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முதல் மாதங்களில் சிறுநீர்க் கசிவு ஏற்படுகிறது. அந்த வகையில், பலருக்கும் வருவதுதான் என்று நீங்கள் எழுதியது சரி. ஆனால் பலருக்கு வருவதாலேயே அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றோ, தானாகப் போய்விடும் என்றோ ஆகாது. பிரித்தானியாவிலும் நியூசிலாந்திலும் தாய்மாரைப் பல வருடங்கள் தொடர்ந்த ஓர் ஆய்வில், மூன்றாம் மாதத்தில் கசிவு இருந்தவர்களுள் நான்கில் மூன்று பங்கினருக்குப் பன்னிரண்டு வருடங்களின் பின்னரும் அது இருந்தது. அறுபது வயதில் இருமலுக்குப் பயந்து கோயில் திருவிழாவுக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் அம்மாமார் பலரின் கதை, விசாரித்துப் பார்த்தால், முதற் பிரசவத்தில்தான் தொடங்கியிருக்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், இதற்குப் பயிற்சி வேலை செய்கிறது. பிரசவித்தவர்கள் மட்டுமன்றி எல்லா வயதுப் பெண்களையும் சேர்த்துத் தொகுத்த 2018 ஆய்வுத் திரட்டொன்றில், இருமல் தும்மலில் கசிவுள்ளவர்களுள் இந்தத் தசைகளுக்குப் பயிற்சி செய்தோரில் நூற்றுக்கு 56 பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்யாதோரில் 6 பேர் மட்டுமே அப்படிச் சொன்னார்கள். பிரித்தானிய வழிகாட்டல் பரிந்துரைக்கும் அளவு பெரிதல்ல: தடவைக்கு எட்டுச் சுருக்கமாக நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதத்துக்கு. செய்யும் முறையில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை முன்னோக்கி யோனி வரை கொண்டுவந்து, முழுவதையும் உள்ளே மேல்நோக்கி உயர்த்த வேண்டும். தொடையும் பிட்டமும் தளர்ந்திருக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. மூன்று விநாடியில் தொடங்கிப் பத்து விநாடி வரை கூட்டலாம். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் பின் முழுமையாகத் தளர விடுவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகும்படி சிலர் சொல்வார்கள். அது சிறுநீர்ப்பை முழுமையாக வெறுமையாவதைக் கெடுக்கும் என்பதால் பழக்கமாக்க வேண்டாம். வாய்மொழியாக மட்டும் சொல்லிக் கொடுத்தபோது பாதிப்பேரே ஒழுங்காகச் செய்தார்கள் என்றும், நால்வரில் ஒருவர் உயர்த்துவதற்குப் பதிலாகக் கீழே முக்கினார்கள் என்றும் 1991ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஆகையால் நான் இங்கே எழுதியதை வாசித்துவிட்டு நீங்களாகச் செய்வது ஒரு தொடக்கம் மட்டுமே. ஒரு தடவையாவது பயிற்சி பெற்ற ஒருவர் தொட்டுப் பார்த்து உறுதிப்படுத்துவது நல்லது.

கசிவோடு, யோனியில் ஏதோ இறங்கி நிற்பதுபோன்ற கனமோ, மாலையானதும் கீழே இழுப்பதுபோன்ற உணர்வோ இருந்தால் கருப்பை இறக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். பிரசவத்தின்போது ஆசனவாய்த் தசைவரை கிழிந்து தையல் போடப்பட்டிருந்து, இப்போது காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமலிருந்தால் அதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அது பயிற்சியோடு மட்டும் விட்டுவிடக்கூடிய விடயமல்ல. பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைந்திருப்பதால் யோனி வறண்டு, கணவனோடு சேரும்போது எரிவோ நோவோ இருக்கலாம். பெரும்பாலும் பால் குறைக்கும் காலத்தில் அது மாறிவிடும். அதற்கிடையில் மசகுக் களிம்பு உதவும். மாதவிலக்கு வருமுன்பே கருத்தரிக்க முடியும் என்பதையும் இந்த இடத்தில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சிசேரியன் செய்தவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் இரண்டு விடயங்கள். கர்ப்பமே இடுப்புத்தளத்தில் சுமையேற்றுவதால், வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவர்களுக்கும் கசிவு வரலாம். வீதம் குறைவு, இல்லாமற்போவதில்லை. மற்றது, தழும்புக்கு மேலுள்ள தோல் பல மாதங்களுக்கு மரத்துப்போயிருக்கும், சிலருக்கு நிரந்தரமாகவே. வேது குளிப்பாட்டும்போதோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போதோ சூடு அந்த இடத்தில் தெரிவதில்லை. தழும்பின்மேல் கொப்புளத்தோடு வந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். கொழும்பின் புழுக்கத்தில் தழும்பின் மடிப்பில் வியர்வை தங்கிப் பூஞ்சணம் பிடிப்பதும் வழமை; குளித்தபின் அந்த மடிப்பை விரித்து ஈரம் ஒற்றி எடுத்தால் போதும்.

ஜிம்முக்குப் போகலாமா என்ற கேள்விக்கு, போகலாம், ஆனால் வயிற்றைக் குறைப்பதற்காக அல்ல, உடல் வலிமையை மீட்பதற்காக என்று பதில் சொல்வேன். வயிற்றுப் பயிற்சி என்றதும் பயிற்சியாளர்கள் மல்லாந்து படுத்து எழும்பச் சொல்வார்கள். நடு இடைவெளி தளர்ந்திருக்கும்போது அப்படி எழும்பினால் வயிற்றின் நடுக்கோடு மேடாகத் துருத்தும். அது தெரிந்தால், அந்தப் பயிற்சி இப்போதைக்கு உங்களுக்கு உரியதல்ல. பயிற்சி அந்த இடைவெளியை எவ்வளவு நெருக்கும் என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஆழ்தசைகளைப் பழக்கியவர்களின் வயிறு உறுதியாவதையும் நாரி உளைவு குறைவதையும் நான் நாள்தோறும் காண்கிறேன். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுத்து இடுப்புத்தளத்தை உயர்த்துவதில் தொடங்குங்கள். பிறகு படுத்தபடி குதிக்காலை நீட்டி மடக்குவது, இடுப்பை உயர்த்துவது, பின்னர் பிள்ளையைத் தூக்கியபடி அரைவாசி குந்தி எழும்புவது என்று கூட்டலாம். ஓட்டம், குதித்தல் போன்றவற்றை மூன்று மாதத்துக்கு முன் தொடங்க வேண்டாம் என்பதே 2019இல் பிரித்தானிய இயன்மருத்துவர்கள் தயாரித்த வழிகாட்டல். உங்களுக்கு மூன்று மாதம் கடந்திருந்தாலும், கசிவு இருக்கும்வரை அவற்றை நான் அனுமதிக்க மாட்டேன். நடை வேறு விடயம். மாலையில் வெயில் தாழ்ந்தபின் மரைன் டிரைவில் அரை மணி நேரம் நடப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழ், குத்துகிற நோவு இருந்தால் அது பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்குவதால் வருவது. உள்ளங்கையைப் பிட்டத்துக்கும் முதுகுக்கும் கீழ் கொடுத்துத் தூக்கினால் பெரும்பாலும் தணியும்.

பத்தியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மாமியின் பேச்சு அதைத் தொட்டே வந்திருக்கும் என்பதால் சொல்கிறேன். மிளகு, சீரகம், மல்லி, உள்ளி அரைத்த சரக்குக் கறியிலும், சுறாவிலும், முருங்கையிலையிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. மீனும் கீரையும் நல்ல உணவு. எல்லாவற்றையும்விட, வேறொருவர் சமைத்துக் கொடுக்க, பெண் படுத்திருந்து பால் கொடுக்கக் கிடைத்த அந்த ஏற்பாடு, எந்த வைத்தியசாலையாலும் கொடுக்க முடியாதது. வயிறு பெருக்கும் என்று தண்ணீரை மட்டுப்படுத்துவதும், குளிர்ச்சி என்று பழத்தையும் மரக்கறியையும் ஒதுக்குவதும் மட்டும் தவறு. மலச்சிக்கலாகி, முக்கி முக்கியே தையலும் இடுப்புத்தளமும் கெடும். எழும்பவிடாமல் படுக்கையிலேயே வைத்திருப்பதும் ஆபத்து. பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரத்தில் காலின் நாளங்களில் குருதி உறையும் வாய்ப்பு மற்றக் காலங்களைவிடப் பன்மடங்கு அதிகம்.

நாலரை மாதம் கடந்தும் களைப்பு நீங்கவில்லையானால் அதை அம்மாமாரின் இயல்பான களைப்பு என்று தள்ளிவிடாமல் குருதியில் இரும்புச்சத்தையும், பிரசவத்தின் பின் சிலருக்குக் குழம்பும் தைரொயிட் சுரப்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் தந்த இரும்பு, கல்சியக் குளிசைகள் பாலூட்டும் ஆறு மாதத்துக்கும் உரியவை. பெரும்பாலான வீடுகளில் அவை முதல் மாதத்தோடு அலுமாரிக்குள் போய்விடுகின்றன. கர்ப்ப காலத்தில் நீரிழிவு இருந்தவர்கள், ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தவறவிட்டிருந்தால், இப்போதாவது செய்ய வேண்டும். தலைமயிர் கொத்தாக உதிர்வது இந்த மாதங்களில் எதிர்பார்க்கப்படுவது. ஒரு வருடமளவில் அது மீளும். மனம் தொடர்ந்து இருண்டு, பிள்ளையிலும் தன்னிலும் பற்றில்லாமற்போனால் 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்தில் பேசலாம்.

அண்மையில் பிரசவித்து இதை வாசிப்பவர்கள் ஒருவருக்காகவும் காத்திராமல் போக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுமையாக நனையுமளவு குருதி போதல், நாற்றமுள்ள கழிவோடு காய்ச்சல், பார்வை மங்கும் கடுமையான தலையிடி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். ஓட்டோ தேடி நேரத்தை வீணாக்காமல் 1990 அம்புலன்ஸை அழைக்கலாம்; கட்டணம் இல்லை.

உங்கள் விடயத்தில் அவசரம் இல்லை, ஆனால் இந்த மாதத்துக்குள் செய்யுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கசிவைப் பற்றிச் சொன்னால் அவர் சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக்குக்கு அனுப்புவார். பிரசவம் பார்த்த நிபுணரிடம் நேரடியாகவும் போகலாம். முதலில் சிறுநீர்த் தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், பின் பெண்களுக்கான இயன்மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். வயிறு பெரிதாக இருக்கிறது என்று தொடங்கினால் உணவைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடக்கூடும். இருமும்போது சிறுநீர் போகிறது என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். எத்தனை தடவை, எவ்வளவு, எதைச் செய்யும்போது என்று மூன்று நாட்களுக்கு ஒரு தாளில் குறித்துக் கொண்டுபோனால் பரிசோதிப்பவருக்குப் பெரிதும் உதவும். வேலைக்குத் திரும்பிய பின்னும் பயிற்சியை விட வேண்டியதில்லை. கதிரையில் இருந்தபடியே, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல், அந்த எட்டையும் செய்துவிடலாம்.